பதிலுக்கு விட்ட இடைவெளி

செத்தவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன எம்.எல்.ஏ. என்ற பெயர் கோகிலவாணிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்தது. அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் எம்.எல்.ஏ., லேப்டாப் அக்கா என்று அவளுக்குப் பல பெயர்கள் உண்டு. அவையெல்லாம் ஜனங்கள் ஆசையாக வைத்தவை. இது கீழ்க்கட்டளையில், நடுரோட்டில், சவப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வைத்த பெயர்.

அந்த நேரத்தில் அவள் தாம்பரத்தில் கட்சியின் மாவட்ட அலுவலக மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மாவட்டச் செயலாளர் சிட்டிபாபு. அரசியலில் ஊறிப்போன மனிதர். யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் வரவில்லை என்பதுவரை நினைவில் வைத்திருப்பவர். அன்றைக்கு அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. மந்திரிசபையை மாற்றப்போகிறார்கள், தகவல் தொழில்நுட்பத் துறைக்குக் கோகிலவாணியின் பெயர் அடிபடுகிறது, எல்லாம் அவளுடைய 'குரல்' திட்டத்தால் வந்த யோகம். திங்கட்கிழமை தலைமையிலிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்க்கப்போகிறார்கள். பிடித்துவிட்டால் மாநிலத்தில் உள்ள அத்தனை தொகுதிக்கும் அதுதான்.

"மேலேர்ந்தே கேட்டாங்களாம், யாருய்யா அந்தப் பொண்ணுன்னு" என்றார் சிட்டிபாபு. "திங்கக்கெழம வரைக்கும் எந்த வம்புலயும் மாட்டிக்காம இரு கோகிலா. அது போதும்."

'குரல்' என்பது பெரிய மந்திரமெல்லாம் இல்லை. கோகிலவாணி அரசியலுக்கு வருவதற்கு முன் ஒரு மென்பொருள் கம்பெனியில், மனிதக் குரலை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தவள். எம்.எல்.ஏ. ஆனதும் தன் குரலையே ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தாள். தொகுதியில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கல்யாண நாள் வந்தாலும் அது போன் போட்டு, பெயர் சொல்லி, அவளைப் போலவே வாழ்த்தும். நேற்று மீசை முளைத்தவனும் அதற்கு அண்ணாதான், பேரன் எடுத்தவளும் அதற்கு அக்காதான். ஆரம்பத்தில் ஜனங்கள் ஏதோ விளம்பரம் என்று பாதியிலேயே வைத்துவிட்டார்கள். அப்போதுதான் கோகிலவாணிக்கு அந்த யோசனை வந்தது. "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். பிறகு "சந்தோஷம்." அதற்கப்புறம் "வீட்டுல, தெருவுல ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு நிறைய நேரம் சும்மா இருக்க வேண்டும். எதிரே பேச்சு ஓய்கிற வரை காத்திருந்து, கடைசியில் "சரிங்க, நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் போனை வைக்கவில்லை. எம்.எல்.ஏ.வே எங்கிட்ட பேசினாங்க என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

விக்கி மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தான். கோகிலவாணியின் சித்தப்பா மகன். அவளுக்குக் கார் ஓட்டுவதும் அவன்தான், அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, கீழ்க்கட்டளைல நேத்து ஒருத்தர் ஷாக் அடிச்சு இறந்துட்டார்ல, டேனியல்னு."

"தெரியும்டா. மதியம் மாலை போடப் போறோமே."

"இன்னைக்கு அவருக்குப் பிறந்தநாள்க்கா."

கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தாள். டேனியலின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கிய நேரத்தில் அவன் போன் அடித்திருக்கிறது. அவன் மனைவி ஜான்சி எடுத்திருக்கிறாள். பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். தெருவே கேட்டிருக்கிறது. டேனியல் அண்ணா, பிறந்தநாள் வாழ்த்துகள், நூறு வருஷம் நல்லா இருக்கணும் நீங்க. நல்லா இருக்கீங்களா அண்ணா? சந்தோஷம்.

செத்த செய்தி எம்.எல்.ஏ.வுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், விக்கிக்குத் தெரியும். இயந்திரத்துக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

"பெட்டியைத் தூக்கிட்டு வந்து ரோட்டுல வெச்சுட்டாங்கக்கா. நீங்க வந்தாத்தான் எடுப்பாங்களாம்."

சிட்டிபாபுவின் சிரிப்பு அப்போதே போய்விட்டது. "நீ போவாத. நான் ஆள அனுப்பறேன்" என்றார். கோகிலவாணி அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் மழைத் தூறல். குரோம்பேட்டை தாண்டும்வரை கார் நன்றாகத்தான் ஓடியது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மிக்ஸி, கோழிக்குஞ்சு, ரோஜாச்செடி என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வாங்க வந்த கூட்டம் வண்டிகளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தது. கார் அங்கே மாட்டிக்கொண்டது. தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. அதன் சத்தம் அடங்கியதும் விக்கி சொன்னான்.

"இன்னொண்ணு இருக்குக்கா. அந்தக் கம்பத்தப் பத்தி அவர் முன்னாடியே உங்ககிட்ட சொன்னாராம்."

"எந்தக் கம்பம்?"

"அவர் தொட்டுச் செத்த கரண்டு கம்பம். யாரோ விளம்பர போர்டு வெச்சு, லைட் மாட்டி விட்டிருக்காங்க. மழை பெஞ்சா தொட்டாலே சுர்ருனு இழுக்குமாம். தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"எங்கிட்ட எப்போடா சொன்னார்? அவர நான் பாத்ததே இல்லையே."

விக்கி கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் சொன்னான். "அவர் கல்யாண நாளுக்கு நம்ம மிஷின் போன் போட்டுச்சுல்லக்கா. அதுல."

தேர்தலில் ஜெயித்த புதிதில், இதே விக்கி ஒரு நாள் கேட்டான்: அக்கா, நடுவுல அவங்க பேசறத ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கலாமா என்று. அவள்தான் வேண்டாம் என்றாள். இத்தனை பேர் பேசுவதை உட்கார்ந்து யார் கேட்பது, வாழ்த்துதானே, விடு என்றாள். அதைச் சொன்னதே அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இத்தனைக்கும் அவளை எம்.எல்.ஏ. ஆக்கியதே காதுதான். பெருமழையில் ஊரெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது, கட்சி என்றால் என்னவென்று தெரியாத பெண்ணாக, அப்பாவின் அரிசிக் கடை மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு போனையும் அவளே எடுத்தாள். எந்த வீட்டு மாடியில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் படகு அனுப்பினாள். தொண்டை கட்டிப்போய்க் கிசுகிசுப்பாகப் பேசியது அந்தப் பகுதி ஜனங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கிசுகிசுப்புக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த பிறகு போன்கள் அதிகமாகிவிட்டன. அவளால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

சிட்டிபாபுவின் போன் வந்தது. காரின் ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக இருந்தது.

"நல்லா கேட்டுக்கோ. கம்பத்து விசயம் எனக்கும் வந்துடுச்சி. செத்தவன் சொன்னான், நீ கேட்ட. கேட்டுட்டு பையனாண்ட எழுதிக்கச் சொன்ன. பையன் மறந்துட்டான். அவன வேலைய வுட்டு தூக்கிட்டன்னு அங்கயே சொல்லு. எல்லாரும் அவன திட்டிட்டுப் போயிடுவாங்கோ. மிஷினுன்ற வார்த்த மட்டும் உன் வாய்ல வரக்கூடாது. வந்துச்சின்னா நீயும் காலி, திட்டமும் காலி. உன்ன மேல சொன்ன எனக்கும் பேஜாரு."

"எந்தப் பையன் சார்?"

"உன் தம்பிதான். வேற யாரு கீறான்?"

போன் அணைந்தது. விக்கி ஹாரனை அடித்தபடி ஒரு மாட்டுவண்டி அளவு இடத்தில் காரை நுழைத்து வெளியே கொண்டுவந்தான். கொஞ்ச தூரம் போனதும், "சொல்லிடுங்கக்கா, பரவால்ல" என்றான். அந்தப் பரவாயில்லையில் இருந்த பயம் கோகிலவாணிக்குக் கேட்டது. ஆனாலும், உள்ளதைச் சொல்வதென்றால், சிட்டிபாபு சொன்ன வழியை அவள் வேண்டாமென்று தள்ளவில்லை. கீழ்க்கட்டளை வரும்வரை அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரேடியல் ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டார். "மேடம், கூட்டம் சூடா இருக்கு. நீங்க இங்கயே இருங்க, நான் பேசி எடுக்கப் பாக்கறேன். இல்லன்னா தடியடிதான்."

"சாவு வீட்டுல தடியடியா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கி நடந்தாள். விக்கி மாலையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். அவளைப் பார்த்ததும் கூச்சல் கிளம்பியது. வாழ்த்துச் சொல்ல வந்துட்டாங்கடா என்று ஒருத்தன் கத்தினான். எங்கிருந்தோ ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வந்து அவள் தோளில் விழுந்து உடைந்தது. செல்போன்கள் எல்லாப் பக்கமும் உயர்ந்தன.

நீலத் தார்ப்பாயின் அடியில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் பெட்டியை வைத்திருந்தார்கள். தலைமாட்டில் டேனியலின் அம்மா செல்வமேரி உட்கார்ந்திருந்தாள். வீட்டு வேலை செய்து மகனை வளர்த்தவள். மகன் பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் கடையில் வேலை பார்த்தான். மடியில் அவன் போனை வைத்திருந்தாள். பக்கத்தில் ஜான்சி, அழுது அழுது ஓய்ந்த முகத்தோடு.

"வாம்மா. உக்காரு" என்றாள் செல்வமேரி.

யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளினார்கள். கத்தியிருந்தால்கூடக் கோகிலவாணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூட்டம் மெல்ல அடங்கியது. செல்வமேரி கையை உயர்த்தியதால் அடங்கியது.

"காலைல பேசுனத வுட்டுட்டேன். செத்தது உனக்கு தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா பேசுவியா?" என்றாள். "நான் கேக்கறது வேற. கல்யாண நாளைக்கு பேசுன இல்ல? அப்ப நானும் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். என் புள்ள கம்பத்தப் பத்தி உன்னாண்ட சொன்னான். நீ பாத்துக்கறேன்னு சொன்ன. என் காதால கேட்டேன்."

கோகிலவாணி அவள் மடியில் இருந்த போனைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தரும் மனு குடுக்கல. ஜான்சி சொன்னா, கவுன்சிலராண்ட போய் சொல்லலாம்னு. இவந்தான், அக்காவாண்டயே சொல்லிட்டேன், அவங்கள தாண்டி நாம வேற யாராண்டயாவது சொன்னா தப்பா நெனப்பாங்கன்னு நிறுத்திட்டான். உன் பேருக்கு மரியாத குடுத்தான். பின்ன ஏம்மா செய்யல?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். காரில் பழகிய வாக்கியம் தானாக வந்தது. "அம்மா, ஆபீஸ்ல குறிச்சுக்க வேண்டிய பையன்..."

"யாருடா அந்தப் பையன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விக்கி மாலையோடு தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு மூன்று பேர் அவனை நோக்கி நகர்ந்தார்கள்.

அப்போது ஜான்சி நிமிர்ந்தாள். "அப்ப நீங்க கேட்டீங்களா மேடம்?" என்றாள். "அவரு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா? அது மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு பூரா அவருக்கு ஒரே சந்தோஷம். எவ்ளோ பொறுமையா கேட்டாங்க தெரியுமா, நடுவுல ஒரு வார்த்த பேசலன்னு சொல்லிகினே இருந்தாரு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் அதைத்தான் எதிர்பார்த்துக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். புருஷன் போய்விட்டான், அவன் சொன்னதை ஒரு பெரிய மனுஷி காது கொடுத்துக் கேட்டாள் என்பதாவது மிஞ்சும். விக்கி நாலு அடி வாங்குவான், பிறகு எங்காவது வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம். திங்கட்கிழமையும் வரும், மந்திரி பதவியும் வரும். பொய்யும் இரக்கமும் இப்படி ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கோகிலவாணிக்கு வந்தது. ஆமாம் என்று சொல்ல மூச்சைக்கூட இழுத்துவிட்டாள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல" என்றாள். "நான் கேக்கலம்மா. அது நானே இல்ல."

"இன்னா சொல்ற?" என்றாள் செல்வமேரி.

"மிஷின். என் குரல்ல பேசற மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன். அது எல்லாருக்கும் பேசும். நீங்க திரும்பப் பேசறது யாருக்கும் கேக்காது. எங்கயும் பதிவாகாது."

"அப்டின்னா நடுவுல நடுவுல நிறுத்துச்சே? இவன் பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்துச்சே?"

"நான்தான் அப்படி வெச்சேன். பதிலுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டா, நான் கேக்கற மாதிரியே இருக்கும்னு. அந்தப் பையன் மேல தப்பில்ல. எல்லாம் நான் செஞ்சது."

அடி விழப்போகிறது என்றுதான் கோகிலவாணி நினைத்தாள். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைத்து முன்னால் வந்தார். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்த ஒரு ஆள், யாரிடமோ தனியாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அப்ப என் பொண்ணு காலேஜு விசயம் சொன்னேனே? அது?"



"நான் பென்சன் நின்னுபோச்சின்னு சொன்னேன்" என்றார் ஒரு கிழவர். "தாயி, இந்த மாசம் வந்துடும்னு பாத்துகினே இருக்கேன்." இன்னொருத்தி, சாக்கடைத் தண்ணி வூட்டுக்குள்ள வருதுன்னு சொன்னேனே என்றாள். ஒருவர் பேச்சு அடுத்தவர் வாயைத் திறந்தது. தெருவே அந்த இடைவெளிக்குள் எதையெதையோ போட்டுவைத்திருந்தது. ஷீலா என்ற பெண், இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்து, "எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து அடிக்கறத உன்னாண்டதான்க்கா சொன்னேன். எங்கம்மாவாண்டகூட சொன்னதில்ல" என்றாள். சொன்ன பிறகுதான் சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்துபோனாள்.

கோகிலவாணியின் கையில் போன் அதிர்ந்தது. சிட்டிபாபு. யாரோ எடுத்த வீடியோ அதற்குள் தாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை. மந்திரி பதவி போயிற்று, அடுத்த தேர்தலில் சீட்டும் போயிற்று என்று தெளிவாகத் தெரிந்தது. அதற்கு வருத்தப்பட நேரம் கிடைக்கும், இப்போது இல்லை என்று தோன்றியது. ஷீலா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஜென்மத்தில் அவளுக்கு இத்தனை அவமானமாக இருந்ததில்லை.

செல்வமேரி எழுந்தாள். "பொட்டிய தூக்குங்கப்பா" என்றாள். "கோயில்ல ஃபாதரு காத்துகினு கீறாரு."

"இவங்கள சும்மா வுட்டுடறதா?" என்று ஆட்டோக்காரன் கேட்டான்.

"வுடல" என்றாள் செல்வமேரி. கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலை செய்து காய்த்துப்போன கை; பிடி இறுக்கமாக இருந்தது. "நீ எங்கூட வா. கார்ல இல்ல, நடந்து. அன்னிக்கு அவன் போன்ல இன்னா இன்னா சொன்னானோ எல்லாம் எனக்கு ஞாபகம் கீது. ஒண்ணு வுடாம சொல்றேன். கேட்டுகினு வா."

பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. விக்கி மாலையை ஜான்சியிடம் கொடுத்துவிட்டு அங்கே தோள் கொடுத்தான். ஒருத்தரும் அவனைத் தடுக்கவில்லை. நின்றிருந்த பஸ்களும் லாரிகளும் ஒதுங்கி வழி விட்டன. தூறலில் எல்லோரும் நடந்தார்கள். செல்வமேரி கையை விடவே இல்லை.

"கம்பத்தப் பத்தி அப்பறமாத்தான் சொன்னான்" என்று ஆரம்பித்தாள். "நீ நல்லா இருக்கியான்னு கேட்ட இல்ல? அதுக்கு அவன் உன்ன கேட்டான். அக்கா, நீங்க சாப்ட்டீங்களா, தொண்ட இப்ப பரவால்லயான்னு கேட்டான்."

கோகிலவாணி வாய்விட்டு அழுதாள். செல்வமேரி நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்தபடியே, அடுத்து அவன் என்ன சொன்னான் என்பதைச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.